சுவரில் செருகிய சட்டம்

கலீலியோ என்றதும் எல்லோருக்கும் தொலைநோக்கி நினைவுக்கு வரும். எனக்கோ ஓர் எஃகுச் சட்டம் நினைவுக்கு வருகிறது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிற்பகல் நான் செய்த தவறே அதற்குக் காரணம்.

அன்று எனக்கு வாய்த்த சோதனை காண்டிலீவர். சட்டத்தின் ஒரு முனையை மேசையோடு இறுகப் பிணைத்து, மறுமுனையில் பளுவைத் தொங்கவிட்டு, அம்முனை எவ்வளவு இறங்குகிறது என்று நுண்ணோக்கியால் அளக்க வேண்டும். நீளம் 50 செ.மீ.; அகலம் 25 மி.மீ.; 500 கிராம் பளுவுக்கு இறக்கம் 3.9 மி.மீ. தடிமனை மட்டும் திருகு அளவியால் அளக்காமல், அவசரத்தில் அடிக்கோலை வைத்துப் பார்த்து 6 மி.மீ. என்று குறித்தேன். யங் குணகம் சதுர மீட்டருக்கு 11,600 கோடி நியூட்டன் என்று வந்தது. எஃகுக்கு வரவேண்டியதோ ஏறத்தாழ 20,000 கோடி! விடையை அழித்துவிட்டு நண்பனின் ஏட்டைப் பார்த்து எழுத முனைந்தேன். விரிவுரையாளர் தடுத்துவிட்டார். இதே சட்டத்தில் கலீலியோவே தவறியிருக்கிறார் என்று கூறி, நூலகத்துக்கு அனுப்பினார்.

கலீலியோ 1564 பிப்ரவரி 15-இல் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ இசைவாணர். தந்தையின் விருப்பப்படி 1581-இல் மருத்துவம் பயிலச் சேர்ந்தவர், கணிதத்தில் மனத்தைப் பறிகொடுத்து, 1585-இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். அவரே 1589-இல் அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார்! பின்னர் 1592 முதல் 18 ஆண்டுகள் பதுவாவில் பணியாற்றினார். 1610-இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டு புகழின் உச்சியை எட்டினார்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கைக்கு ஆதரவாக 1632-இல் அவர் வெளியிட்ட நூல் பெருந்துன்பத்தைக் கொணர்ந்தது. 1633-இல் ரோமாபுரியின் சமய விசாரணை மன்றத்தின் முன் அந்த முதியவர் மண்டியிட்டு, தம் கொள்கையைத் துறக்க நேர்ந்தது. ஃப்ளாரன்ஸ் நகருக்கு அருகே ஆர்செத்ரியில் வீட்டுக்காவல். மறு ஆண்டே அருமை மகள் மரியா செலஸ்தே மறைந்தார். பின்னர் கண்ணொளியும் மங்கலாயிற்று.

அந்த இருளில்தான், பதுவாவில் தொடங்கிய ஆய்வுகளைத் திரட்டி 'இரு புதிய அறிவியல்கள்' என்ற நூலை எழுதி முடித்தார். அது ஹாலந்தின் லைடன் நகரில் 1638-இல் அச்சேறியது. அதிலே ஒரு படம்: பழைய சுவர், அதில் செருகிய மரச்சட்டம், அதன் முனையில் ஒரு பளு. ஆம், எங்கள் காண்டிலீவரேதான்!

எவ்வளவு பளுவில் சட்டம் முறியும் என்பதே அவர் கேள்வி. வலிமை அகலத்தைப் பொறுத்தும், உயரத்தின் இருபடியைப் பொறுத்தும் அமையும் என்று கண்டார். அது சரியே. அடிக்கோலைப் படுக்கையாகப் பிடித்தால் எளிதில் வளைகிறது; செங்குத்தாகப் பிடித்தால் வளைய மறுக்கிறதல்லவா? ஆனால், முறியும் இடத்தில் எல்லா இழைகளும் சமமாக இழுபடுகின்றன என்று அவர் கருதியது பிழை. உண்மையில் மேல் இழைகள் நீள்கின்றன, கீழ் இழைகள் குறுகுகின்றன, இடையில் ஓர் அடுக்கு நீள்வதுமில்லை, குறுகுவதுமில்லை. அதனால் எஃகுச் சட்டம் மீள்தன்மை எல்லைக்குள் தாங்குவதைப் போல் மூன்று மடங்கை அவர் கணக்கு காட்டும். அதை நம்பிப் பாலம் கட்டினால் என்ன ஆகும்! 1713-இல் பாரன்ட்டும், 1773-இல் கூலும்பும் அப்பிழையைத் திருத்தினர். 1826-இல் நேவியே எழுதிய பாடநூல் அதைப் பொறியாளர்களின் கைக்குக் கொண்டு சேர்த்தது.

கலீலியோ 1642 ஜனவரி 8-இல் மறைந்தார். மன்றம் அவரைத் துறக்க வைத்தது உண்மையை. சட்டத்தில் அவர் செய்த பிழையைத் திருத்தவோ எவரும் மண்டியிட வேண்டியிருக்கவில்லை. அளவுகோலும் பொறுமையும் போதுமாயின.

மறுநாள் திருகு அளவியை எடுத்தேன். தடிமன் 5 மி.மீ.! கணக்கில் தடிமனின் முப்படி வருவதால், ஒரு மில்லிமீட்டர் பிழை விடையை ஏறக்குறைய பாதியாக்கிவிட்டது. புதிய விடை 20,000 கோடியை ஒட்டி வந்தது. பழைய விடையை நான் அழிக்கவில்லை. ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறேன். அது இன்னும் என் ஏட்டில் படிக்கும்படியே இருக்கிறது.