தாமே கற்றவரா வான்கோ?

சித்திரம் கைப்பழக்கத்தால் வருவது என்பது, ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றின் கருத்து. இதனை மறுப்பார் இலர். ஆயினும் அப்பழக்கத்தை ஆசிரியர் ஒருவர் முன் அமர்ந்து பெறுதல் வேண்டுமா, தாமே முயன்று பெறுதல் கூடுமா என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. கவின்கலைக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடும் மாணவரை நாம் காண்கிறோம். இயல்பாகவே திறமை இருக்கப் பயிற்சி எதற்கு என்று இறுமாந்து, தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும் மாணவரையும் காண்கிறோம். பின்னவர் தம் கட்சிக்குத் தவறாமல் அழைக்கும் சான்று ஒன்று உண்டு. அதுவே வின்சென்ட் வான்கோவின் வாழ்க்கை. எந்தக் கலைக்கூடத்திலும் தேறாத அவர் உலகப் புகழ் எய்தவில்லையா என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் எந்த அளவு உண்மை என்பதை, அக்கலைஞரின் வாழ்க்கையைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

இளமையும் இழப்புகளும்

நெதர்லாந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள ஸண்டர்ட் என்னும் சிற்றூரில் 1853ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் வான்கோ பிறந்தார். தந்தையார் புராட்டஸ்டன்ட் கிறித்தவ சமயப் போதகர். தாயார் ஓய்வு நேரங்களில் மலர்களை வரையும் பழக்கம் உடையவர். டில்பர்க் நகர்ப் பள்ளியில் வான்கோவுக்குச் சித்திரம் கற்பித்த ஹைஸ்மன்ஸ் என்பவர், சித்திரப் பாடநூல் எழுதிய தகுதி வாய்ந்த ஆசிரியர். எனினும் 1868இல் வான்கோ பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டார்.

பதினாறாம் வயதில், ஓவியங்களையும் அவற்றின் அச்சுப்படிகளையும் விற்கும் கூப்பில் என்னும் பெரு நிறுவனத்தில் பணிக்கு அமர்ந்தார். ஹேக், இலண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். 1876இல் வேலை பறிபோயிற்று. பின்னர் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர், டோர்ட்ரெக்ட் நகரில் புத்தகக் கடைப் பணியாளர், ஆம்ஸ்டர்டாமில் சமயக் கல்விக்கான நுழைவுத் தேர்வு மாணவர் எனப் பல பாதைகளில் நடந்து பார்த்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. 1878இன் இறுதியில் பெல்ஜியம் நாட்டின் போரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சமயத் தொண்டராகச் சென்றார். தம் உடைகளையும் உடைமைகளையும் ஏழைத் தொழிலாளர்க்கு ஈந்துவிட்டுத் தரையில் படுத்துறங்கினார். அவர் போக்கு மேலிடத்தார்க்கு ஒவ்வவில்லை. 1879இல் அப்பணியும் நீங்கிற்று.

இவ்வாறு எல்லாக் கதவுகளும் அடைபட்ட பின்னர், 1880ஆம் ஆண்டு, தம் 27ஆம் வயதில், ஓவியராவது என அவர் உறுதி பூண்டார். பாரிசில் கூப்பில் நிறுவனத்தில் பணியாற்றிய தம்பி தியோ, தம் ஊதியத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்கு அனுப்பத் தொடங்கினார். அவ்வுதவி இறுதிவரை நின்றதில்லை. ஆகவே வான்கோவின் ஒவ்வொரு கோட்டிற்கும் தம்பியின் உழைப்பு விலையாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

அறுபது தாள்கள்

சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டில், அவர்தம் குழந்தைகளோடு பகிர்ந்துகொண்ட சிற்றறையில் வான்கோவின் பயிற்சி தொடங்கியது. ஆசிரியர் எவரும் அங்கில்லை. எனினும் ஆசிரியரின் கைவேலை இருந்தது. சார்ல் பார்க் என்னும் பிரெஞ்சு ஓவியர், ஜெரோம் என்னும் பேராசிரியரின் துணையுடன் உருவாக்கிய சித்திரப் பாடமே அது. கரிக்கோல் கொண்டு மனித உருவத்தை வரைவதற்கான 60 மாதிரித் தாள்கள் அப்பாடத்தின் ஒரு பகுதி. அவற்றை இரவல் பெற்று, முதல் தாள் முதல் இறுதித் தாள் வரை வான்கோ பார்த்து வரைந்தார். முடித்த பின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அவரைப் பணியினின்று நீக்கிய கூப்பில் நிறுவனமே அப்பாடத்தை வெளியிட்டிருந்தது என்பது எண்ணத்தக்கது. அத்துடன், உழவர் வாழ்வைத் தீட்டிய மில்லே என்னும் ஓவியரின் படைப்புகளை அச்சுப்படிகளிலிருந்து வரைந்து பழகினார். உடற்கூற்றியல் நூல்களையும், அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் காட்சிக் கணக்கைக் கூறும் நூல்களையும் கற்றார்.

பார்த்து வரைதல் இழிவன்று. அரபு எழுத்தணிக் கலையில் உஸ்தாத் எழுதித் தந்த வரியை மாணவர் பன்முறை பார்த்து எழுதிப் பழகுவர். கை தேர்ந்த பின்னரே இஜாஸா என்னும் அனுமதி பெற்றுத் தம் படைப்பில் தம் பெயரை எழுதுவர். வான்கோ தம் சிற்றறையில் தமக்குத் தாமே விதித்துக்கொண்டதும் இத்தகைய ஒழுங்கே. இதனை ஆசிரியரற்ற கல்வி என்பது பொருந்தாது.

உடைந்த வார்ப்புகள்

1880ஆம் ஆண்டின் இறுதியில் பிரசல்ஸ் நகர அரசுக் கலைக்கூடத்தில் அவர் தம் பெயரைப் பதிவு செய்தார். அங்கு நெடுநாள் இருந்திலர். அடுத்த ஆண்டின் இறுதியில், தம் உறவினரும் புகழ் பெற்ற ஓவியருமான அன்டன் மௌவே என்பவரை ஹேக் நகரில் அடைந்தார். நீர்வண்ணம், எண்ணெய்வண்ணம் ஆகிய இரண்டிலும் முதற்பாடம் அவரிடம் கிடைத்தது. ஆனால் 1882இல், உயிருள்ள மாந்தரை வரையும் முன், பழங்காலச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைந்து பழக வேண்டும் என்று மௌவே வற்புறுத்தினார். உழைப்பாளரின் உருவங்களை வரையத் துடித்த மாணவருக்குச் சினம் மூண்டது. வார்ப்புகளை உடைத்துக் கரித்தொட்டியில் எறிந்தார். வேறு மனத்தாங்கல்களும் சேர, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலிருந்த உறவு முறிந்தது.

அதன் பின் தனியே உழைத்தார். அவ்வாண்டே, நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்ட மரச்சட்டம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். திறந்த வெளியில் அதனை நட்டு, நூல்களின் ஊடே காட்சியை நோக்கி அளவு பிழையாமல் வரையலாம். பழைய ஐரோப்பிய ஓவியர் இத்தகைய கருவியை முன்பே கையாண்டுள்ளனர். அவ்வோவியர்தம் காட்சிக் கணக்கின் வேர்களுள் ஒன்று, 11ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் இயற்றிய ஒளியியல் நூலாகும். அது இலத்தீன், இத்தாலிய மொழிபெயர்ப்புகளின் வழியே ஐரோப்பிய அறிஞர்க்கும் கலைஞர்க்கும் பயன்பட்டது. தனியே நின்று வரைந்த வான்கோவின் கையிலும் நூற்றாண்டுகளின் கல்வி இருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

நியூனன் என்னும் ஊரில் உழவர் முகங்களைப் பல பத்து முறை தீட்டிப் பழகிய பின், 1885இல் உருளைக்கிழங்கு உண்போர் என்னும் ஓவியத்தைப் படைத்தார். அதன் கல்லச்சுப் படியைக் கண்ட நண்பர் ராப்பார்ட், உருவ அமைப்பில் பிழைகள் மலிந்திருப்பதாகக் கடிந்து எழுதினார். நட்பு முறிந்தது. இன்று அவ்வோவியம் பெரும் படைப்பாக மதிக்கப்பெறுகிறது. எனினும் அளவில் வழு உண்டு என்ற குறையும் முற்றும் பொய்யன்று. கோணிய அவ்வுருவங்களில் உழைப்பின் உண்மை இருந்தமையால் அது நிலைத்தது.

கலைக்கூடத்தின் தீர்ப்பு

1886ஆம் ஆண்டு சனவரியில் ஆண்ட்வெர்ப் நகரக் கலைக்கூடத்தில் வான்கோ சேர்ந்தார். மாதிரிக்கு மாந்தரை அமர்த்தக் கையில் பொருளில்லாமையும் அதற்கு ஒரு காரணம். சித்திர ஆசிரியர் சீபெர்ட், புறக்கோட்டை முதலில் திருத்தமாக வரைந்து, பின்னரே ஒளிநிழல் தீட்ட வேண்டும் என்னும் முறையினர். வான்கோவோ உருவத்தின் திரட்சியை எடுத்த எடுப்பிலேயே பிடிக்க முயல்பவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆண்டிறுதிப் போட்டியில் அவர் வரைந்ததை மதிப்பிட்ட நடுவர்கள், அவரைத் தொடக்க வகுப்பில் சேர்க்குமாறு தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு வருமுன்பே அவர் பாரிஸ் சென்றுவிட்டார்.

ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். அந்நடுவர்கள் தீயவர் அல்லர். தாம் கற்பித்த முறையைக் கொண்டு அளந்தனர். அம்முறைக்கு வெளியே இருந்த ஆற்றலை அளக்க அவர்களிடம் கோல் இல்லை. நம் மதிப்பெண் பட்டியல்களுக்கும் இத்தகைய எல்லை உண்டு என்பதை நாம் உணர்தல் நன்று.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. பாரிஸ் சென்ற வான்கோ, கோர்மோன் என்னும் ஓவியரின் பயிற்சிக்கூடத்தில் தாமே விரும்பிச் சேர்ந்து, சில மாதங்கள் பயின்றார். அங்கு அவர் அமர்ந்தது பிளாஸ்டர் வார்ப்புகளின் முன்னர்! பிற மாணவர் சென்ற பிற்பகல் வேளைகளில் தனியே இருந்து வரைவதும் அழிப்பதுமாக, தாள் ஓட்டையாகும் வரை அவர் உழைத்ததை, இளம் ஓவியர் எமில் பெர்னார்டு பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 1882இல் உடைத்தெறிந்த பாடத்தை 1886இல் தாமே தேடிச் சென்று கற்றார். ஜப்பானிய அச்சோவியங்களைச் சேகரித்து, 1887இல் அவற்றுள் சிலவற்றை எண்ணெய்வண்ணத்தில் படியெடுத்துப் பழகினார். பாரிஸ் ஓவியரிடம் ஒளிமிக்க வண்ணங்களின் பயன்பாட்டைக் கண்டு கற்றார்.

நாணற்கோலும் நன்றியும்

1888 பிப்ரவரியில் தென்பிரான்சின் ஆர்ல் நகரை அடைந்தார். அங்கு விளைந்த நாணலைச் சீவி, மையில் தோய்த்து வரைந்தார். சொந்த நாட்டில் இதனை முன்பே முயன்றதுண்டு. ஆனால் நல்ல நாணல் கிட்டியது ஆர்லில்தான். அரபு எழுத்தணியில் வழங்கும் கலமும் நாணற்கோலே ஆதலின் அதன் இயல்பு நம்மில் பலர் அறிந்ததே. மை விரைவில் தீரும்; கோடு நீளாது; தயங்கிய கை உடனே காட்டிக்கொடுக்கும். புள்ளிகளும் சிறு கோடுகளும் வளைவுகளும் கொண்டு வயலையும் வானையும் அவர் வரைந்த மைச்சித்திரங்கள், உலகச் சித்திரக் கலையின் சிகரங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

அந்த வசந்தத்தில் பழைய ஆசிரியர் மௌவே மறைந்த செய்தி வந்தது. பூத்துக் குலுங்கும் பீச் மரங்களைத் தீட்டிய ஓவியம் ஒன்றில் மௌவேயின் நினைவைப் பொறித்து, அதனை அவர்தம் மனைவியாருக்கு உரியதாக்கினார் வான்கோ. கருத்து வேறுபட்டுப் பிரிந்த ஆசிரியருக்கு மாணவர் செலுத்திய குருகாணிக்கை அது.

மீண்டும் முதற்பாடம்

1888 டிசம்பரில் மனநோய் கடுமையாகத் தாக்கியது. 1889 மே முதல் ஓராண்டுக் காலம் சான் ரெமி மருத்துவமனையில் தங்கினார். அங்குதான் விண்மீன் இரவு என்னும் ஓவியம் பிறந்தது. அங்குதான், தம் முதல் ஆசான்களுள் ஒருவரான மில்லேயின் படைப்புகளில் இருபதுக்கும் மேற்பட்டவற்றைக் கறுப்பு வெள்ளை அச்சுப்படிகளிலிருந்து மீண்டும் தீட்டினார். இம்முறை வண்ணம் அவருடையது. பிறர் இயற்றிய இசையை இசைவாணர் தம் உணர்வால் மீட்டுவதற்கு இதனை அவர் ஒப்பிட்டார்.

1890 மே மாதம் பாரிசுக்கு அருகிலுள்ள ஓவேர் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கிருந்து சூன் மாதத்தில் தம்பிக்கு எழுதிய மடலில் அவர் கேட்டது என்ன தெரியுமா? பார்க்கின் கரிக்கோல் பயிற்சித் தாள்களையே! பத்தாண்டுகளுக்கு முன் சுரங்க ஊரில் வரைந்து பழகிய அதே பாடத்தை மீண்டும் வரைய அவர் விரும்பினார். நூற்றுக்கணக்கான ஓவியங்களைப் படைத்த பின்னரும் தம்மைத் தொடக்கநிலை மாணவராகக் கருதிய அடக்கம் அது.

நோயின் கொடுமையால் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டு, 1890 சூலை 29ஆம் நாள், தம் 37ஆம் வயதில் அவர் மறைந்தார். அம்முடிவு நம் நெஞ்சை வருத்துவது. உடல்நோய்க்கு மருந்து தேடுவதுபோல் உள்ளத்தின் நோய்க்கும் தயங்காது மருத்துவம் தேட வேண்டும் என்பதை மாணவ உலகம் மனங்கொள்ளுமாக. தம்பி தியோவும் ஆறு மாதங்களுக்குள் மறைந்தார். தியோவின் துணைவியார் ஜோஹன்னா, ஓவியங்களையும் மடல்களையும் காத்து உலகறியச் செய்தார். பத்தாண்டுகளில் வான்கோ படைத்தவை, 850க்கும் மேற்பட்ட எண்ணெய்வண்ண ஓவியங்களும் 1000க்கும் மேற்பட்ட சித்திரங்களும் ஆகும்.

முடிவுரை

தாமே கற்றவரா வான்கோ? பட்டம் பெறவில்லை என்ற அளவில் ஆம் எனலாம். ஆசிரியர் இல்லை என்ற பொருளில் அன்று. மாதிரித் தாளிடமும், மறைந்த ஓவியரிடமும், உறவினரிடமும், தம்மினும் இளைய நண்பரிடமும் அவர் கற்றார். கலைக்கூடங்களை விட்டு வெளியேறினாரே அன்றிப் பயிற்சியை ஒரு நாளும் விட்டாரில்லை. தனியே கற்றதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. ஒரு நல்ல ஆசிரியர் பொறுமையோடு உடனிருந்திருப்பின், தவிர்த்திருக்கக்கூடிய பிணக்குகளும் வீண் அலைச்சலும் பல.

ஆகவே கல்லூரியில் இடம் கிடைக்காத மாணவர் மனம் தளர வேண்டியதில்லை. அறுபது தாள்கள் எங்கும் கிடைக்கும். இடம் கிடைத்த மாணவர் இறுமாக்க வேண்டியதில்லை. வகுப்பறை தருவது வாயில் மட்டுமே. எந்த வழியில் சென்றாலும் முதற்பாடத்திற்கு மீண்டும் மீண்டும் திரும்பி வரும் பணிவு வேண்டும். உடைத்த வார்ப்பின் முன் மீண்டும் சென்று அமர்ந்த அம்மாணவரின் உருவத்தை நம் மாணவச் செல்வங்கள் நெஞ்சில் வரைந்துகொள்வார்களாக.