குரல் நிலைத்தது, பெயர் மறைந்தது

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில் 1917-ஆம் ஆண்டு பிறந்தவர் இசைச்சித்தர் சி.எஸ். ஜெயராமன். 1952-இல் ‘பராசக்தி’ வாயிலாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்த சிவாஜி கணேசனுக்குப் பாடற்குரல் தந்தவர் இவரே. 1954-இல் ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில், தவறுணர்ந்த நெஞ்சின் கதறலை எம்.ஆர். இராதாவுக்காகப் பாடிக் கல்லையும் கரைத்தார். அவ்வாண்டே ‘தூக்குத்தூக்கி’யில் சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன் பாடினார், நாளடைவில் அக்குரலே நிலைபெற்றது. ‘புதையல்’ (1957), ‘தங்கப்பதுமை’ (1959) ஆகியவற்றில் சிவாஜிக்காக மீண்டும் பாடியபோதும், இவர் பெயர் மெல்ல மங்கிற்று. 1995-இல் மறைந்தார்.

இன்று பாட்டை அறிந்தோர் பலர். பாடியவரை அறிந்தோர் சிலர். மாணவச் செல்வங்களே! மண்ணடியிலிருந்து பழுப்பு நிலக்கரியை அகழ்ந்தெடுக்கும் ஊர் நம்முடையது. பழைய இசைத்தட்டுகளிலும் முதியோர் நினைவிலும் புதைந்துள்ள இவர்தம் வாழ்வையும் அகழ்ந்தெடுத்தல் நம் கடமையன்றோ!