நத்தார் இரவை எமக்குக் காத்துத் தந்த அடிகளார்

பழைய மாணவிகளாகிய நாம் மார்கழியில் ஒன்றுகூடினால் ஒளிவிழாப் பாட்டுகளைப் பற்றிப் பேசாமற் பிரிவதில்லை. எவருக்கு எந்தப் பாட்டு அதிகம் பிடிக்கும் என்று கேட்டால் விடைகள் பலவாகும். சிலருக்கு ‘சைலன்ற் நைற்’. 1818 இல் ஒஸ்திரியாவின் ஒபெர்ன்டோர்வ் என்ற சிற்றூரில் கிற்றாருடன் முதன்முதல் பாடப்பட்ட அந்தப் பாட்டு, கடல் கடந்து எங்கள் தீவுகளுக்கும் வந்து சேர்ந்தது. வேறு சிலருக்குப் பாலனைத் தாலாட்டும் தமிழ்ப் பாட்டுகள். ஆயினும் நடுச்சாமப் பூசையில் சுவாமியார் பாலனின் சுரூபத்தைக் குடிலிற் கிடத்த, மணியோசையோடு கோவில் முழுவதும் சேர்ந்து பாடும் பாட்டை விரும்பாதவர் எம்மில் இல்லை. இராகத்தினால் மட்டும் வந்த விருப்பம் அல்ல அது. அந்த வேளையில் குரல் நல்லவரும் நல்லதல்லாதவரும் வாய்விட்டுப் பாடுகிறோம்.

அப்படி வாய்விட்டுப் பாட முடியாத நத்தார்களும் இந்த மண்ணில் இருந்தன. அந்நாட்களில் எம் முன்னோருடன் நின்ற புனித யோசேப் வாஸ் அடிகளாரை இந்த நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரில் நிற்கும் கடற்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டை 1658 இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. யாழ்ப்பாணமும் அவ்வாண்டே அவர்கள் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு இடங்கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மேய்ப்பனில்லாத மந்தையாக எம்மவர் வாழ்ந்தனர்.

யோசேப் வாஸ் 1651 சித்திரை 21 அன்று கோவாவின் பெனோலிம் என்ற ஊரிற் பிறந்தார். 1676 இல் குருவானார். இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்றதும் அவர் மனம் இங்கேயே நிலைகொண்டது. கூலியாள் வேடத்தில், யோவான் என்ற உதவியாளருடன், 1687 இல் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வயிற்றோட்டம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சி அவரைக் காத்ததாக அவரது வரலாறு சொல்கிறது. அப்பெண்ணின் பெயர் எமக்குத் தெரியாது. பெண்கள் பாடசாலையொன்றின் மலரில் அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.

உடல் தேறியதும் கழுத்திற் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டவர்களின் முகக்குறிப்பைக் கொண்டு கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். பின்னர் சில்லாலையில் தங்கி, பகலில் மறைந்திருந்து, இரவிற் பூசை ஒப்புக்கொடுத்தார். பூசை முடியுமுன் எவர் காதிலும் விழாதபடி பாட வேண்டிய காலம் அது.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவு வந்தது. யாழ்ப்பாணத்தில் பூசைக்காகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். பலர் பிடிபட்டனர், சிலர் கொடிய தண்டனை பெற்றனர், ஒருவர் அடியின் கொடுமையால் உயிர்நீத்தார். அடிகளார் தப்பினார். தம்மால் மக்கள் மேலும் துன்புறலாகாது என்று புத்தளம் சென்று, 1692 இல் கண்டியை அடைந்தார். அங்கே ஒற்றன் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிருந்தார். 1697 இல் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளரையும் சாதிமத பேதமின்றித் தம் கையாற் பராமரித்தார். அரசன் மனம் நெகிழ்ந்தான்.

1705 இல் கோவாவிலிருந்து இன்னொரு குரு வந்தார். அவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். இசையும் மொழியும் கைவந்த அவரைக் கண்டிக்கு அனுப்பிச் சிங்களம் கற்கச் செய்தவர் யோசேப் வாஸ். தவக்காலத்தில் எங்கள் கோவில்களில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் கொன்சால்வெஸ் அடிகளாரின் ஆக்கமே. சிங்களத்திலும் தமிழிலும் அவர் நூல்களும் பாடல்களும் இயற்றினார். மக்களின் சொந்த மொழியிற் பாட்டும் செபமும் நிலைத்தால், குரு இல்லாத ஊரிலும் விசுவாசம் நிலைக்கும் என்பதை யோசேப் வாஸ் அறிந்திருந்தார்.

1711 தை 16 அன்று கண்டியில் அவர் காலமானார். கத்தோலிக்கருக்கு முழுச் சமய உரிமை கிடைத்தது ஆங்கிலேயர் காலத்தில், 1806 இல். 2015 தை 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாம் கண்ணீர் மல்கினோம்.

1990 இல் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது எம்மிற் பலர் அவ்வாண்டு நத்தாரை அயலூர்க் கோவில்களிற் கழித்தோம். குடில் வேறு, குரு வேறு. பாட்டு மட்டும் எங்களுடையதாக இருந்தது. தொண்டை அடைக்கப் பாடினோம். பாட்டு எதற்கு என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தோம்.

இவ்வாண்டு ஒளிவிழாவில் எங்கள் பிள்ளைகள் பாடும்போது, சற்று உரத்துப் பாடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வோம். வாய்மூடி நத்தார் கொண்டாடிய முன்னோருக்காகவும், அவர்களைத் தேடிப் பிச்சைக்காரராய் வந்த அடிகளாருக்காகவும் அது எங்கள் நன்றிக் காணிக்கையாகட்டும்.