முல்லோயாவின் வழக்கறிஞர், குடியரசின் அமைச்சர்: கொல்வின் ஆர். டி சில்வாவும் மலையகமும்

மலையகத் தொழிலாளர் வரலாறு என்றதும் நடேசய்யர், தொண்டமான், அசீஸ், சி.வி. வேலுப்பிள்ளை ஆகிய பெயர்களே நமக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த வரிசையில் சேர்க்கவும் முடியாத, விலக்கவும் முடியாத ஒரு சிங்கள இடதுசாரி இருக்கிறார். அவர்தான் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. நம்மவர்களில் பலருக்கு அவரை 1972 அரசியலமைப்பை வரைந்தவராக மட்டுமே தெரியும். அவரது கதையை அதற்கு முன்பிருந்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கொல்வின் 1907 இல் பலப்பிட்டியவில் பிறந்தார். லண்டனில் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்று, சட்டமும் படித்துத் திரும்பினார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். கங்காணிக் கடனிலும் துரையின் கட்டளையிலும் தோட்டங்கள் அடைபட்டிருந்த காலம் அது. அந்த லயங்களுக்குள் சமசமாஜிகள் சங்கம் அமைக்கப் புறப்பட்டார்கள்.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக வாதாட வந்தவர் கொல்வின். சட்டமும் பொலிசும் துரைமாரின் கையில் இருந்த நாட்களில், ஒரு தோட்டத் தொழிலாளியின் விதவைக்காக நாட்டின் முன்னணி வழக்கறிஞர் ஒருவர் எழுந்து நின்று பொலிசாரைக் குறுக்குவிசாரணை செய்தார். அதே ஆண்டு அவரும் தோழர்களும் சிறையிலடைக்கப்பட்டனர். 1942 ஏப்ரலில் கண்டி போகம்பர சிறையிலிருந்து தப்பி இந்தியா சென்று, அங்கே தலைமறைவாக இயங்கினார்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. ஐக்கிய தேசியக் கட்சி இதைக் கவனித்தது. 1948 பிரசாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் மலையக மக்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. தமிழ்த் தலைவர்களிலேயே சிலர் அரசாங்கத்தின் பக்கம் நின்றபோது, கொல்வினும் அவரது தோழர்களும் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றனர். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோதும், அது ஒரு நாள் நாட்டையே பிளக்கும் என்று எச்சரித்தவர் அவரே.

பிறகு என்ன நடந்தது? 1964 ஜூனில் சுதந்திரக் கட்சியுடன் கூட்டரசாங்கம் அமைப்பதா என்ற கேள்வியில் கட்சி மூன்றாகப் பிரிந்து வாதிட்டது. மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போக வேண்டும், அதிகாரமில்லாமல் எதையும் சாதிக்க முடியாது என்பது என்.எம். பெரேராவின் நிலைப்பாடு. முதலாளித்துவக் கட்சியோடு கூட்டே கூடாது என்று எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு போன்றோர் வெளியேறினர். போவதானால் இடதுசாரிக் கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்தே போக வேண்டும் என்று நடுவில் நின்றவர் கொல்வின். தோற்றபின் அவர் பெரும்பான்மையோடு தங்கிவிட்டார்.

அந்த அரசாங்கத்தின் காலத்தில்தான், 1964 அக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர்கள் கணக்குப் போடப்பட்டார்கள். 1966 ஜனவரியில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்திலும் சமசமாஜக் கட்சி இருந்தது.

1970 இல் கொல்வின் பெருந்தோட்டத் துறை அமைச்சரும் அரசியலமைப்பு அமைச்சருமானார். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது, சிங்களத்தை அரசகரும மொழியாக உறுதிசெய்தது, சிறுபான்மையினருக்கான 29 ஆம் பிரிவைக் கைவிட்டது. 1973, 1974 இல் உணவுப் பங்கீடு சுருங்கியதும் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடும்பம் குடும்பமாக மக்கள் இறங்கினார்கள். வன்னியில் காடு வெட்டி, பின்னர் யுத்தத்தில் எல்லாவற்றையும் மறுபடி இழந்த பலரின் பயணம் அங்கேதான் தொடங்கியது. 1975 இல் தோட்டக் கம்பனிகளைத் தேசியமயமாக்கும் விடயத்தில், அவற்றை எந்த அமைச்சின் கீழ் வைப்பது என்ற தகராறும் சேர்ந்து, சமசமாஜிகள் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

கொல்வினைத் துரோகி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட நான் விரும்பவில்லை. கம்பனித் துரைமாரிடமிருந்து நிலத்தை மீட்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. அது நிறைவேறியது. ஆனால் அந்த நிலத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவனுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. காரணம் எளியது என்று எனக்குப் படுகிறது. நடைமுறை அரசியல் என்பது வாக்குகளின் கணக்கு. 1949 இல் வாக்கைப் பறிகொடுத்த தொழிலாளி அந்தக் கணக்கில் பூச்சியமாகிவிட்டான். அவனுக்காகப் பேச கொள்கை ஒன்றே மிஞ்சியிருந்தது. அதை ஒதுக்கிவைத்த நாளில் அவனுக்கு ஒருவரும் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கொள்கையில் உறுதியாக நின்று வெளியேறியவர்களாலும் பட்டினியைத் தடுக்க முடியவில்லை. அவர்களிடம் சரியான நிலைப்பாடு இருந்தது, பலம் இருக்கவில்லை.

1977 தேர்தலில் சமசமாஜக் கட்சி ஓர் ஆசனமும் பெறவில்லை. ஆனாலும் 1987 இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையும் மாகாண சபைகளையும் அது ஆதரித்தது. அந்த நிலைப்பாட்டுக்காக இடதுசாரிகள் பலர் தெற்கிலேயே கொல்லப்பட்ட நாட்கள் அவை. 1989 பெப்ரவரியில் கொல்வின் காலமானார்.

இன்றும் தெற்கில் இடதுசாரிகள் அதிகாரத்தை நெருங்கும்போதெல்லாம், ஆதரிப்பதா விலகி நிற்பதா என்று நம்மிடையே விவாதம் எழுகிறது. கொல்வினின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஒருவர் நமக்காக என்ன பேசினார் என்பதைவிட, நம் வாக்கு தேவைப்படாத நாளில் அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். முல்லோயாவில் கோவிந்தனின் மனைவிக்கு வாக்குப் பலம் எதுவும் இருக்கவில்லை. அன்று கொல்வின் வந்தார். 1974 இலும் லயத்து மக்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இருக்கவில்லை. அன்று அவர் அமைச்சராக இருந்தார்.