ரூபாயின் விகிதத்துக்காக வாதாடியவர்

1879-ல் பிறந்த பம்பாய்ப் பருத்தி வர்த்தகர் ஸர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ், 1926-ல் நாணய ராயல் கமிஷனில் தனித்து நின்றவர். ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று மற்ற அங்கத்தினர் சிபார்சு செய்ய, யுத்தத்துக்கு முந்திய 16 பென்ஸே நியாயமென்று அவர் ஒருவரே மாறுபட்ட அபிப்பிராயம் எழுதினார். ஒரு பவுன் பெறுமான சரக்கைச் சீமைக்கு விற்றால் முன்னதில் 13 ரூபாய் 5 அணா 4 பை. பின்னதில் 15 ரூபாய். நஷ்டம் குடியானவனுக்கே, சீமைச் சரக்கோ மலிந்து சுதேசித் தொழிலை நெருக்கும். 1927-ல் சர்க்கார் 18 பென்ஸையே சட்டமாக்கினர். திருவிதாங்கூர் சமஸ்தானத்து முட்டமும் தப்பவில்லை. அங்கே செலாவணியான சக்கரம் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ என்று பிணைக்கப்பட்டிருந்தது. 1961-ல் அவர் காலமானபோதும் அவ்விகிதமே நிலைத்திருந்தது. சுதந்திர இந்தியா 1966-ல்தான் அதைக் கைவிட்டது. விகிதம் சட்டமாகிவிட்டால் மாற்றுவது அரிது. ஆதலின் அதைக் குறிக்கும் நாளிலேயே உழைப்பவன் பக்கம் நின்று வாதாட ஒருவராவது வேண்டும்.