பிறக்கும் முன்பே தந்தை மரணம், 14 ஆண்டு தலைமறைவு... டியூடர் வம்சத்தை உருவாக்கிய ஏழாம் ஹென்றி யார்?

இங்கிலாந்து வரலாறுன்னாலே எட்டாம் ஹென்றி, முதலாம் எலிசபெத் பெயர்கள்தான் சட்டென நினைவுக்கு வரும். இருவருமே டியூடர் வம்சம். அந்த வம்சத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் ஏழாம் ஹென்றி. அரியணைக்கு அவருக்கு இருந்த உரிமை ரொம்பவே பலவீனமானது. பிறகு எப்படி ராஜா ஆனார்?

13 வயதில் தாய்

1457 ஜனவரி 28-ல் வேல்ஸின் பெம்புரோக் கோட்டையில் பிறந்தார் ஹென்றி. தாய் மார்கரெட் போஃபோர்ட்டுக்கு அப்போது வயது 13. தந்தை எட்மண்ட் டியூடர் எதிரிகளிடம் சிறைபட்டு, கொள்ளைநோயால் இறந்து 3 மாதம்கூட ஆகவில்லை. மார்கரெட்டுக்கு அதன்பிறகு குழந்தையே பிறக்கவில்லை.

அது ஒரே அரச குடும்பத்தின் லங்காஸ்டர், யார்க் என்ற இரு கிளைகள் அரியணைக்காக மோதிக்கொண்ட காலம். 1471-ல் லங்காஸ்டர் மன்னர் ஆறாம் ஹென்றியும் அவரது ஒரே மகனும் இறந்தனர். அந்தத் தரப்பில் மிஞ்சியவர் தாய்வழி உறவு கொண்ட 14 வயது ஹென்றி. உயிருக்கு ஆபத்து என்பதால் சித்தப்பா ஜாஸ்பர் அவரைக் கடல் கடந்து பிரிட்டனிக்கு அழைத்துச் சென்றார். அடுத்த 14 ஆண்டுகள் அந்நிய மண்ணில்தான் வாழ்க்கை.

திருப்பம் தந்த 1483

யார்க் மன்னர் நான்காம் எட்வர்ட் 1483-ல் இறந்ததும், தம்பி மூன்றாம் ரிச்சர்ட் முடிசூடிக்கொண்டார். லண்டன் கோபுரத்தில் தங்கவைக்கப்பட்ட அண்ணன் மகன்கள் இருவரும் மாயமானார்கள். அவர்களுக்கு என்ன ஆச்சு என்பது இன்றுவரை மர்மம். யார்க் ஆதரவாளர்களிலேயே பலர் ரிச்சர்டை வெறுத்து ஹென்றி பக்கம் வந்தனர். எட்வர்டின் மகள் எலிசபெத்தை மணப்பதாக ஹென்றி சத்தியம் செய்தார்.

போஸ்வொர்த் போர்

1485 ஆகஸ்ட் 7-ல் பிரெஞ்சு வீரர்களுடன் வேல்ஸ் கரையில் இறங்கினார். ஆகஸ்ட் 22-ல் போஸ்வொர்த்தில் போர். ரிச்சர்டின் படைதான் பெரியது. ஹென்றியை நேரடியாகத் தாக்க ரிச்சர்ட் பாய்ந்தபோது, அதுவரை வேடிக்கை பார்த்த வில்லியம் ஸ்டான்லி, ஹென்றிக்கு ஆதரவாகக் களமிறங்கினார். இவர் ஹென்றியின் மாற்றாந்தந்தைக்குத் தம்பி. ரிச்சர்ட் கொல்லப்பட்டார். போர்க்களத்தில் உயிரிழந்த கடைசி இங்கிலாந்து மன்னர் அவர்தான். அவரது எலும்புக்கூடு 2012-ல் லெஸ்டர் நகரில் ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியில் கிடைத்தது.

முதல் வேலையே தந்திரம்

தன் ஆட்சி போருக்கு முந்தைய நாளே தொடங்கிவிட்டது என்று ஹென்றி அறிவித்தார். இதனால், ரிச்சர்டுக்காகப் போரிட்டவர்கள் எல்லாம் ராஜ துரோகிகள் ஆனார்கள். அவர்களது சொத்துகளைப் பறிக்க வழி கிடைத்தது. அதேபோல, முதலில் முடிசூட்டு விழா, பிறகுதான் எலிசபெத்துடன் திருமணம். மனைவியால் கிடைத்த கிரீடம்னு யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? இரு குடும்பங்கள் இணைந்ததைக் காட்டச் சிவப்பு, வெள்ளை ரோஜாக்களைச் சேர்த்து டியூடர் ரோஜா சின்னம் உருவானது.

விடாத பயம்

நிம்மதி மட்டும் கிடைக்கவில்லை. யார்க் வாரிசு என முன்னிறுத்தப்பட்ட சிறுவன் லாம்பர்ட் சிம்னலை 1487-ல் பிடித்து, அரண்மனை சமையலறையில் வேலைக்கு விட்டார். மாயமான இளவரசர் நான்தான் என்று கிளம்பிய பெர்கின் வார்பெக், 1499-ல் தூக்கிலிடப்பட்டார். வார்பெக் விவகாரத்தில் சிக்கிய வில்லியம் ஸ்டான்லியின் தலையும் 1495-ல் வெட்டப்பட்டது. ஆம், போஸ்வொர்த்தில் காப்பாற்றிய அதே ஸ்டான்லிதான்!

பிரபுக்களை அடக்க ஹென்றி எடுத்த ஆயுதம் பணம். விசுவாசம் தவறினால் பெருந்தொகை கட்டுவோம் என அவர்களிடம் பத்திரம் எழுதி வாங்கினார். கணக்குப் புத்தகங்களைத் தானே சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கஜானா நிரம்பியது, வெறுப்பும் வளர்ந்தது.

அடுத்தடுத்து இழப்பு

1502-ல் மூத்த மகன் ஆர்தர் 15 வயதில் மரணம். 1503-ல் பிரசவத்துக்குப் பின் மனைவி எலிசபெத்தும் தனது 37-வது பிறந்தநாளில் இறந்தார். அதன்பின் ஹென்றி மறுமணம் செய்யவில்லை.

1509 ஏப்ரல் 21-ல் ஹென்றி இறந்தார். அந்தத் தகவல் 2 நாட்கள் ரகசியமாக வைக்கப்பட்டது. அரியணை சண்டையின்றி இளைய மகன் எட்டாம் ஹென்றிக்குப் போனது. தந்தைக்காக வசூல் வேட்டை நடத்திய எம்ப்சன், டட்லி இருவரையும் கைது செய்து, அடுத்த ஆண்டே மரண தண்டனை நிறைவேற்றினார் புது மன்னர்.

டியூடர் வம்சம் 118 ஆண்டுகள் ஆண்டது. 1603-ல் முதலாம் எலிசபெத் வாரிசின்றி இறந்தபோது, அரியணை ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸுக்குச் சென்றது. ஏழாம் ஹென்றி ஸ்காட்லாந்துக்கு மணமுடித்துக் கொடுத்த மகள் மார்கரெட்டின் கொள்ளுப்பேரன்தான் அந்த ஜேம்ஸ்.