ஆஸ்துமாவோடு ரக்பி: சே குவேரா எப்படிச் சமாளித்தார்?

டி-ஷர்ட்டுகளில் பார்க்கிறோமே, அந்த சே குவேராவுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே ஆஸ்துமா வந்துவிட்டது. வறண்ட மலைக்காற்றுக்காகவே குடும்பம் அர்ஜென்டினாவின் அல்டா கிராசியாவுக்குக் குடிபெயர்ந்தது. பையன் சும்மா இருந்தானா? நீச்சல், கால்பந்து, போதாக்குறைக்கு ரக்பி வேற! மூச்சு முட்டினால் மைதான ஓரத்துக்கு ஓடிவந்து இன்ஹேலரை இழுத்துவிட்டு மறுபடி இறங்கிவிடுவார். பயந்துபோன அப்பா கிளப்பில் சொல்லி ஆட்டத்தை நிறுத்த, மகன் வேறு கிளப்புக்கு மாறிவிட்டார்.

1953-ல் டாக்டர் பட்டம். பிறகு மெக்சிகோ பொது மருத்துவமனையில் வேலை பார்த்ததும் அலர்ஜிப் பிரிவில்தான்.

1967, பொலிவியக் காடு. ஆஸ்துமா மருந்து தீர்ந்துபோச்சு. மருந்து தேடி அவரது ஆட்கள் சமைப்பாட்டா ஊருக்குள் புகுந்தார்கள். அவருக்கு வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை. குகையில் ஒளித்து வைத்திருந்ததையும் ராணுவம் கைப்பற்றிவிட்டது. ரக்பி ஆடிய மனிதர், நடக்கத் தெம்பில்லாமல் கோவேறு கழுதை மேல் போனார். அக்டோபர் 9-ல் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 39.